இரண்டு விரல் உயரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் குளிரில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை பூந்தொட்டிக்குப் போடுகிறாளா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே போன் கிடையாது. வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதம்தான் கதி. அதையும் நம் நாட்டுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார், வருகிற கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் தருவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாசகர். அளவு, எடை, வேகம் எதையும் எழுதக்கூடாது. எழுதினால் கறுப்பு மை. விரல் கணக்கில் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு விரல்னு தெரியாதுல்ல, எழுதிக்கோங்க" என்றார்.

மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு சின்னப் போர் விமானம் செய்கின்றன. பெரிய நாடுகள் விற்பதை வாங்க நம்மைப் போன்றவர்களுக்கு வக்கில்லை என்பதால், நாமே செய்துகொள்ளலாம் என்று கிளம்பியிருக்கிறோம். ஒரு நாடு எஞ்சின், ஒரு நாடு இறக்கை, நாம் விமானி உட்காரும் அறை. உலோகத்தை வெட்டுவதற்கு முன்னால் அந்த அறையை மரத்தில் முழு அளவுக்குச் செய்து காட்டுவது என் வேலை. ஜெட் விமானத்துக்குத் தச்சன் எதற்கடா என்று சிரித்தாயே, இதற்குத்தான்.

எங்கள் பிரிவின் தலைவர் எஞ்சின் நாட்டுக்கார அம்மாள். பெயர் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் அவர் 'சிக்கனம்'. வெள்ளிக்கிழமை தோறும் கழித்தல் கூட்டம் வைப்பார். ஒவ்வொரு நாடும் விமானத்திலிருந்து நீக்க ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அவர் கேட்பது ஒரே கேள்வி: "இது இல்லாம பறக்குமா?" பறக்கும் என்று மூன்று நாடும் தலையாட்டினால் அது காலி. போன வாரம் ஒரு விளக்கும் ஒரு கடிகாரமும் போயின. சாப்பாட்டு அறையில் நான் டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டபோது, மேசையில் இருந்தவர்கள் மொத்தமாக, "இது இல்லாம குடிக்க முடியுமா?" என்றார்கள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் தம்பி


ஜனவரி 27

என் மரங்கொத்திக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அப்படியேதான். அம்மாவின் பூந்தொட்டி மட்டும் ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறது. மூக்குக்கு ஆவி பிடி. உன் வாசகருக்கு என் வணக்கம். ஐயா, இவன் கையெழுத்தைப் படிக்கிற உங்கள் கண்ணுக்குக் கடவுள்தான் துணை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். எனக்கு இருநூறு கேள்விகள். முன்பக்கம் எவ்வளவு சரிவு? மூடி ஒரே கண்ணாடியா, நடுவில் சட்டம் வருகிறதா? கட்டுப்பாட்டுக் கைப்பிடி கால் நடுவிலா, வலது பக்கமா? சொல்ல முடிந்ததைச் சொல்.

இருநூறில் ஒன்றுதான் முக்கியம். இருக்கை மேலே ஏறுமா?

உனக்குத் தெரியாததில்லை. பதினோரு வருஷமாகப் பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில் இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் எல்லாம் போர் விமானத்துக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அளந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இருக்கையை முழுக்க ஏற்றினாலும் என் கண் முன்கண்ணாடியின் விளிம்புக்கு மேலே வரவில்லை. நம் வீட்டு உயரம் அப்படி. இப்போது உங்கள் விமானத்துக்கு இங்கிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அதை ஓட்ட வேண்டும், தம்பி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால், அடுத்த விமானம் வருவதற்குள் எனக்கு மூக்குக்கண்ணாடி வந்துவிடும்.

காதை மூடிக்கொண்டு தூங்கு.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூக்கு அடங்கிவிட்டது. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கண்ணாடி ஒரே வளைவு. நடுவில் சட்டம் இல்லை. அதை இறக்கைக்காரர்கள் ஏற்கனவே வார்த்துவிட்டார்கள், இனி மாறாது. கைப்பிடியைப் பற்றி எழுதினேன், வாசகர் கூப்பிட்டுக் கூடாது என்று மண்டையை ஆட்டிவிட்டார்.

உன் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இருக்கையை ஏற்றி இறக்க ஒரு சின்ன மோட்டார் இருந்தது. போன வெள்ளிக்கிழமை அதை இறக்கைக்காரர்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். "இது இல்லாம பறக்குமா?" என்று சிக்கனம் கேட்டார். கால் மிதிகளை முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும், இருக்கை ஒரே இடத்தில் நிற்கட்டும் என்றார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். மூன்று நாடும் தலையாட்டிவிட்டது. ஒரு மோட்டார், அதன் ஒயர்கள், அதற்கொரு பட்டன், எல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டன.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். தச்சனுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. ஆனால் வாய் இருந்தது. திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

இனி நான் அந்த அசையாத இருக்கையை மரத்தில் செய்ய வேண்டும். கோபப்படாதே.

உன் தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். வாசகர் அதை அளந்து பார்க்காமல் இருக்கட்டும்.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. இரண்டு நாள் உன் கடிதத்தைக் கண்ணில் படாமல் அலமாரியில் போட்டுவைத்தேன். பிறகு வழக்கம் போல ஆர்வம் தொற்றிக்கொண்டது. அசையாத இருக்கை என்றால் எந்த உயரத்தில் நிறுத்துவார்கள்? யாருடைய கண்ணுக்கு? யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா, இல்லை காகிதத்திலேயே முடிவு செய்வார்களா?

இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் கொக்கு என்போம். நின்றால் விமானத்துக்கே நிழல் விழும். "உங்க உயரத்துல கொஞ்சம் எனக்குக் கடன் குடுங்களேன்"னு கேட்டேன். "எடுத்துக்கோங்க மேடம், வாசல்ல தலை இடிச்சு இடிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார். நல்ல மனுஷர். அவருக்குக் கிடைத்துவிடும்.

பதில் போடு. இருக்கையைப் பற்றி எழுது, எனக்குப் பிரயோஜனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஸ்வெட்டர் வந்தது, கை கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

இருக்கை முடிந்தது. மூன்று நாட்டு விமானிகளும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லாரும் வசதியாக இருக்கிறது என்றார்கள். ஹெல்மெட்டுகள் மட்டும் சுங்கச் சோதனையில் மாட்டிக்கொண்டன. அதுக்காகக் காத்திருக்கணுமா, அது இல்லாம உட்கார முடியாதா என்று யாரோ கேட்க, முடியும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கருவியை வைத்து வரைபடத்துக்காக உள்ளே எல்லா அளவையும் எடுத்துப் போனான். வேலை சுத்தமாக இருக்கிறது என்று சிக்கனம் என் தோளைத் தட்டினார்.

இங்கே மரங்கள் துளிர்க்க ஆரம்பித்துவிட்டன. வேறு விசேஷமில்லை.

தம்பி


ஏப்ரல் 30

அடேய் மரங்கொத்தி,

சுகமா என்று அப்புறம் கேட்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்! உட்கார்ந்த நிலையில் குறைந்தபட்ச உயரத்தை இறக்கியிருக்கிறார்கள். முழுசாக இரண்டு விரல். என்னை மூன்று தடவை அளந்தார்கள். நான் அரை விரல் மேலே இருக்கிறேன். ஆறு பேர் பட்டியலில் நான் நாலாவது. கொக்கு ஆறாவது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கிட்டே போய்ப் பார்த்தால் அழுகிறாள். நானும் சேர்ந்து அழுதேன், அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

இப்போது சொல், இது எப்படி நடந்தது? மோட்டார் இல்லை, கண்ணாடி மாறவில்லை. மரத்தச்சன் ஏதாவது மந்திரம் போட்டானா? உன் போன கடிதம் என்னடா, தந்தி மாதிரி? மரம் துளிர்க்கிறதாம். எந்தக் காலத்தில் நீ துளிர்க்கிற மரத்தைப் பார்த்தாய்? வெட்டிய மரத்தைத்தானே பார்ப்பாய்.

உடனே எழுது. வாசகருக்கு என் பெயரில் ஒரு டீ வாங்கிக் கொடு, சர்க்கரை போட்டு.

உன் அக்கா (நாலாவது)


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

ஒன்றரை மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மா தினமும் தபால்காரரை வாசலில் மறிக்கிறாள். நாங்கள் நலம்.

ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தபட்ச உயரம் இரண்டு விரல் இறங்கியது, சரி. அதிகபட்ச உயரம் ஏன் இறங்கவில்லை? இருக்கை மேலே வந்தால் கூரை கிட்டே வருமே. கூரையும் உயர்ந்ததா? கண்ணாடி மாறாது என்று நீதான் எழுதினாய்.

வகுப்பறையில் கொக்கை நாற்காலியில் உட்காரவைத்தேன். உங்கள் விமானத்தின் பயிற்சிக் குறிப்பில் இருந்த கூரை உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெறுந்தலைக்கு இடம் தாராளம். ஹெல்மெட்டை மாட்டினோம். கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு தபால்தலை நுழையாது. "அட, நான் கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன் மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபத்து வந்தால் இருக்கை வெடித்து ஆளோடு மேலே பாயும். அப்போது கழுத்து நேராக இல்லாவிட்டால் அங்கேயே முறிந்துவிடும். இதை நான்தான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

விடை தெரியாமல் மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

எனக்கு உண்மை வேண்டும். எழுது.

அக்கா


ஜூன் 25

அக்கா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன், உடம்பளவில். இந்தக் கடிதம் வாசகர் கையில் போகவில்லை. எங்கள் வெல்டர் வேலை முடிந்து ஊர் திரும்புகிறார். அவர் பையில் வருகிறது. தப்புதான்.

மார்ச்சில் கண்ணாடியின் முன்விளிம்பைப் பொருத்திக்கொண்டிருந்தேன். பொருத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து கோடு சரியா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டு உயரம். நீ சின்ன வயதில் சாப்பாட்டு மேசை எட்டாமல் அகராதியைப் போட்டு உட்காருவாயே, அதே மாதிரி இருக்கையின் அடியில் ஒரு பிளைவுட் துண்டைச் செருகினேன். இரண்டு விரல் கனம். இருக்கை அசையக்கூடாதே என்று இரண்டு ஆணியும் அடித்து, ஓரத்தை இழைத்து, சாயமும் பூசிவிட்டேன். அரைகுறையாக ஒரு வேலையை விட எனக்கு வராது, அக்கா. அதனால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை. விமானிகள் வந்த அன்று எனக்கே ஞாபகமில்லை, சத்தியமாக.

அடுத்த நாள் இருக்கையைக் கழற்றியபோது பார்த்தேன். பார்த்ததும் சிக்கனத்தின் அறைக்குத்தான் நடந்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். சட்டைப் பையில் உன் ஜனவரிக் கடிதம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அன்று முதல் அந்த அளவு எல்லா வரைபடத்திலும் ஏறிவிட்டது. ஹெல்மெட் வந்ததும் அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஹெல்மெட் வந்தது, வேறு பிரிவுக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில் உலோகம் வெட்டுகிறார்கள்.

உனக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். செருகியது எனக்காக. வாயை மூடிக்கொண்டது மட்டும் உனக்காக. இப்போது என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

அம்மா நலம். நானும் நலம் என்று எழுதிவைக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

வெல்டர் வந்து கடிதம் கொடுத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்காதே. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஐந்து பேருக்குத் தலை இடிக்காது, ஒருவருக்குத்தானே என்று ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டேன். கொக்கை ஏதாவது சாக்கு சொல்லி வேறு விமானத்துக்கு மாற்றிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். அன்று சாயங்காலம் அவர் தன் பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுமையை என் தலையில் வைக்காதே. ஆனாலும் சொல்கிறேன். போய்ச் சொல்லிவிடு. நாளைக்கே. நான் இங்கிருந்து எழுதிப் போட்டால் அது உன்மேல் புகாராகிவிடும். நீயே சொன்னால் மட்டும்தான் அது உன் வார்த்தை. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் சேதி வராவிட்டால் நானே எழுதுவேன், உன்மேல் புகாரானாலும் சரி. தம்பி என்பதற்காகக் கொக்கை விட்டுவிட முடியாது.

இதை வாசகர் வழியாகத்தான் அனுப்புகிறேன். ஐயா, படியுங்கள். மை வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை வாசகர் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாக மேசையில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு நின்றார். "நான் உங்ககூட வரட்டுமா, தனியாப் போறீங்களா?" என்று கேட்டார். தனியாகப் போனேன்.

சிக்கனம் முழுக்கக் கேட்டார். எழுந்து வந்து மர இருக்கையில் உட்கார்ந்து, கீழே கையை விட்டு அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "மோட்டாரை எடுத்தப்போ நீயும் இருந்தியே. ஏன் சொல்லலை?" என்றார். எனக்கு நாற்காலி இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

இறக்கைக்காரர்கள் குதித்தார்கள். வரைபடம் எல்லாம் திருத்த வேண்டும், ஒரு மாசம் தாமதம். என்னைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை; எனக்குக் கடுமையாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டு, புது இருக்கையை நானே செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். இருக்கை இரண்டு விரல் இறங்குகிறது. அங்கே பலகையில் பழைய உயரம் திரும்ப ஏறும். மன்னித்துவிடு.

கடைசியாக, யாருக்காக வாயை மூடிக்கொண்டாய் என்று சிக்கனம் கேட்டார். சொன்னேன். உன் உயரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி


செப்டம்பர் 21

என் மரங்கொத்திக்கு,

சுகம்தானே? அம்மாவுக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது எழுந்துவிட்டாள்.

பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். கோடு போட்டவன் என் மாணவன். என் முகத்தைப் பார்க்காமலே போட்டான். கொக்கு இப்போது ஐந்தாவது. அவர் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, "என்ன சொல்றதுன்னு தெரியலை மேடம்" என்றார். "ஒண்ணும் சொல்லாதீங்க, வாசல்ல தலை இடிச்சுக்காமப் போங்க" என்றேன். இடித்துக்கொண்டுதான் போனார்.

முந்தாநாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் சிக்கனம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விமானம் தரையில் நிற்கும்போதே இருக்கையை ஸ்பேனரால் ஏற்றி இறக்கும்படி, அதைப் பொருத்தும் தண்டவாளத்தில் மூன்று துளை போட முடியுமா என்று பார்க்கிறார்களாம். மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது. கடைசித் துளை எங்கே வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு குட்டையான விமானி வேண்டும். மூன்று நாட்டிலும் அவர்கள் கையில் அப்படி ஒருவர் இல்லை. இரண்டு வாரம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று துளையை எல்லாரும் ஒத்துக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை, ஒத்துக்கொண்டாலும் முதல் ஆறு பேரில் எனக்கு இடமில்லை என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதலில் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. ஓட்ட லாயக்கில்லாதவளை உட்காரக் கூப்பிடுகிறார்கள். பிறகு அந்த அறை உள்ளே எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. உன்னிடம் கேட்டு பதில் வராத கேள்விகள் இன்னும் நூற்றித் தொண்ணூறு இருக்கின்றன. நாலாம் தேதி வருகிறேன். என் ஹெல்மெட்டை நானே கொண்டுவருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. நான் உள்ளே உட்கார்ந்த பிறகு, வசதியாக இருக்கிறதா, முன்னால் தெரிகிறதா என்று என்னிடம் யாரும் கேட்கக்கூடாது. நீயும் கேட்காதே. தெரியாவிட்டாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவேன், எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. டேப்பை எடுத்து நீயே அளந்துகொள்.

உன் அக்கா